அலர்ஜியை வரவழைத்து முடி வளர்ப்பது: டிபிசிபி சிகிச்சை பற்றி ஓர் எளிய அறிமுகம்

தலைத்தோலில் வேண்டுமென்றே ஓர் அலர்ஜியைக் கிளப்பி, அதை மாதக்கணக்கில் அடங்கவிடாமல் வைத்திருந்து, அதன் தயவில் முடியை முளைக்கவைக்கும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. முதல் தடவை கேட்பவர்களுக்கு இது ஏதோ ஏமாற்று வேலை போலத்தான் தோன்றும். ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தோல் மருத்துவர்கள் இதைச் செய்துவருகிறார்கள். கடுமையான புழுவெட்டுக்கு ஒரு வழியாக பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதலிலும் இது இருக்கிறது. மேற்பூச்சு இம்யூனோதெரபி என்று இதற்குப் பெயர். பெரும்பாலும் பூசப்படும் மருந்து டைஃபீனைல்சைக்ளோப்ரோப்பீனோன். வாயில் நுழையாத பெயர் என்பதால் மருத்துவர்களே டிபிசிபி என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

முதலில் நோயைப் பார்த்துவிடலாம். புழுவெட்டின் மருத்துவப் பெயர் அலோபீசியா ஏரியேட்டா. நூறு பேரில் சுமார் இரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருவது என்பதால், புழுவெட்டு அரிதான நோய் இல்லை. பலருக்கு வட்டமாக ஓரிரு இடத்தில் முடி கொட்டும், சில மாதங்களில் தானாகவே முளைத்துவிடும். அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. அரிதானவை இதன் கடுமையான வடிவங்கள். தலைமுடி முழுவதும் போய்விடுவதை டோட்டாலிஸ் என்கிறார்கள். புருவம், இமை, உடம்பு முடி எல்லாமே போய்விட்டால் அது யுனிவர்சாலிஸ். அப்புறம், தலையில் பாதிக்கு மேல் கொட்டிப்போய் ஆண்டுக்கணக்கில் திரும்பாமல் இழுத்தடிக்கும் நிலையும் உண்டு. டிபிசிபி பெரும்பாலும் இவர்களுக்கான சிகிச்சை.

இது ஒரு நாள்பட்ட அழற்சி நோய். வெளியே பார்த்தால் அழற்சி இருப்பதே தெரியாது. தோல் வழவழவென்று, சிவக்காமல், பெரிதாக வலியும் இல்லாமல் இருக்கும். சண்டை நடப்பது கீழே, மயிர்க்காலின் அடியில். முடி வளரும் பருவத்தில் மயிர்க்காலின் கீழ்ப்பகுதி நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாதபடி ஒதுங்கி இருப்பது வழக்கம். உடம்பின் மற்ற செல்கள் தங்கள் மேற்பரப்பில் காட்டும் அடையாளப் புரதங்களை அது மிகக் குறைவாகவே காட்டும். ஏதோ ஒரு காரணத்தால் இந்தப் பாதுகாப்பு குலைந்துபோனால், அந்த மண்டலத்தின் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் மயிர்க்காலை அந்நியமாக எண்ணிச் சூழ்ந்துகொள்கின்றன. இந்தப் பகுதியை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் நோயியல் மருத்துவர்கள் காலங்காலமாகச் சொல்லும் உவமை ‘தேனீக் கூட்டம்’. முடியின் வேரைச் சுற்றி நீலப் புள்ளிகளாக டி செல்கள் மொய்த்துக் கிடப்பதைப் பார்த்தால் அந்த உவமை எவ்வளவு பொருத்தம் என்று புரியும்.

இந்தத் தாக்குதலில் முடி அடிப்பக்கம் மெலிந்து முறிந்துவிடும். கொட்டும் வட்டத்தின் ஓரத்தில் நுனி தடித்து அடி சிறுத்த குட்டை முடிகள் நிற்பதைப் பார்க்கலாம். வடிவத்தை வைத்து அவற்றை ஆச்சரியக்குறி முடிகள் என்கிறார்கள். ஆனால் ஒரு நல்ல விஷயம் உண்டு. மயிர்க்கால் சாவதில்லை, தழும்பாகவும் மாறுவதில்லை. வேலைநிறுத்தம் செய்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் பல ஆண்டுகள் கழித்தும் முடி திரும்ப வாய்ப்பு இருக்கிறது. இந்தச் சிகிச்சை முழுக்க நம்பியிருப்பதும் அதைத்தான்.

சரி, மயிர்க்காலை டி செல்கள் தாக்குகின்றன என்றால், அவற்றை அடக்குவதுதானே முறை? ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் செய்வது அதைத்தான். டிபிசிபி நேர் எதிர்த்திசையில் போகிறது. எதிர்ப்பு மண்டலத்தை இன்னும் உசுப்பிவிடுகிறது, ஆனால் வேறு ஒரு எதிரியைக் காட்டி.

டிபிசிபி மிகச் சிறிய மூலக்கூறு. அவ்வளவு சிறியதைத் தனியாக எதிர்ப்பு மண்டலம் கண்டுகொள்ளாது. ஆனால் தோலுக்குள் நுழைந்து அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டதும், அந்தப் புரதமே புதிதாக, அந்நியமாகத் தெரிய ஆரம்பிக்கிறது. தோலில் காவல் இருக்கும் செல்கள் இந்தச் சேதியை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அங்கே இதற்கென்றே டி செல்கள் தயாராகின்றன. அடுத்த முறை அதே பொருள் தோலில் பட்டால், ஓரிரு நாளில் சிவந்து அரிக்கும். நிக்கல் கலந்த காதணியோ ஹேர் டையோ சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது இதே வழியில்தான். தொடு ஒவ்வாமை என்பது இதுதான். மணிக்கணக்கில், நாள்கணக்கில் மெதுவாக வரும் வகை.

இந்த அலர்ஜி எப்படி முடியைக் காப்பாற்றுகிறது? முதலில் வந்த விளக்கம் போட்டி என்பது: புதிய எதிரியைக் கவனிக்க வந்த டி செல்கள், மயிர்க்காலைச் சுற்றியிருக்கும் பழைய கூட்டத்தின் வேலையைக் கெடுக்கின்றன. பிறகு நடந்த ஆய்வுகள் இன்னும் சிலவற்றைச் சேர்த்தன. சிகிச்சை பலித்தவர்களின் தோலில் மயிர்க்காலைச் சுற்றியிருக்கும் டி செல்களின் வகை விகிதமே மாறுகிறது. அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின்-10 போன்ற சேதிப் புரதங்கள் கூடுகின்றன. அளவுக்கு மீறித் தூண்டப்பட்ட டி செல்கள் தாமாகவே மடிவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஒரே விளக்கத்தில் அடங்கும் விஷயமாக இது இல்லை. கண்ணுக்குத் தெரிவது எளிது: தலையில் லேசான எக்ஸிமா, அதாவது சிவந்து அரிக்கும் தோல் அழற்சி, இருக்கும்வரை முடி வளர்கிறது.

இந்த மருந்து வந்த வழியும் சுவையானது. டிபிசிபியை 1959-இல் உருவாக்கிய அமெரிக்க வேதியியலாளர் ரொனால்ட் பிரெஸ்லோவுக்குத் தோலைப் பற்றியோ முடியைப் பற்றியோ எந்த யோசனையும் இல்லை. மூன்றே கார்பன்கள் கொண்ட வளையம் ஒன்று நிலையாக நிற்குமா என்ற கோட்பாட்டுக் கேள்விக்கு விடை தேடித்தான் அவர் அதைச் செய்தார். தோல் மருத்துவர்கள் 1970-களில் புழுவெட்டுக்குப் பூசிப்பார்த்தது டிஎன்சிபி என்ற வேறொரு பொருள். முடி வளர்ந்தது. ஆனால் பாக்டீரியாவில் நடத்தும் ஏம்ஸ் சோதனையில் அது மரபணுவில் பிறழ்வை உண்டாக்குவது தெரிந்ததும் கைவிட வேண்டியதாயிற்று. அந்த இடத்துக்கு டிபிசிபியைக் கொண்டுவந்தவர் ஜெர்மன் தோல் மருத்துவர் ருடால்ஃப் ஹாப்ளே, 1983-இல். இது அந்தச் சோதனையில் தேறியது. ஸ்குவாரிக் அமிலத்திலிருந்து வரும் எஸ்ஏடிபிஇ என்ற இன்னொரு பொருளும் புழக்கத்தில் இருக்கிறது. டிபிசிபி ஒத்துவராதவர்களுக்கு அது மாற்று.

இனி சிகிச்சை நடக்கும் விதம். முதல் நாள், தலையில் சுமார் 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரே ஒரு இடத்தில் 2% கரைசலைப் பூசுவார்கள். கரைப்பான் அசிட்டோன், அதனால் பூசியதும் காய்ந்துவிடும். அறிமுகம் செய்துவைப்பதுதான் இதன் நோக்கம்: எதிர்ப்பு மண்டலம் இந்தப் பொருளைப் பார்த்து, மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். அந்த இடம் நன்றாகவே சிவந்து அரிக்கும், சிலருக்குக் கொப்பளிக்கும். மிகச் சிலருக்கு மட்டும் எதுவுமே நடக்காது; அலர்ஜி வராதவர்களுக்கு இந்தச் சிகிச்சையும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து உண்மையான சிகிச்சை தொடங்குகிறது. இப்போது எடுப்பது 0.001% கரைசல். கணக்குப் போட்டால் முதல் நாள் பூசியதைவிட 2000 மடங்கு நீர்த்தது. அறிமுகமாகிவிட்ட தோலுக்கு அதுவே சிலசமயம் போதும். பஞ்சு சுற்றிய குச்சியைக் கரைசலில் நனைத்து, முடியில்லாத இடம் முழுவதும் ஒருமுறை தடவி, காயவிட்டு, குறுக்குவாட்டில் இன்னொரு முறை தடவுவார்கள். பூசுகிறவர் கையுறை போட்டிருப்பார், நோயாளிக்காக இல்லை, தனக்காக. மருந்தைக் கலக்கும் மருந்தாளுநருக்கும் பூசும் செவிலியருக்கும் இதே அலர்ஜி வந்துவிட்ட கதைகள் உண்டு. வாரத்துக்கு ஒரு தடவை இது நடக்கும். ஒவ்வொரு வாரமும் ‘போன தடவை என்ன ஆச்சு?’ என்று கேட்டுவிட்டு, அதன்படி அடர்த்தியைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார்கள்.

பூசிய பிறகு 48 மணி நேரம் தலையைக் கழுவக் கூடாது. அதுவரை வெயிலும் படக் கூடாது. தொப்பியோ துணியோ விக்கோ போட்டுக்கொள்ள வேண்டும். காரணம் வேதியியலில் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் டிபிசிபி கார்பன் மோனாக்ஸைடை விட்டுவிட்டு வேறொரு பொருளாக உடைந்துவிடும், அப்புறம் அது மருந்தே இல்லை. (வெளிவரும் வாயு பயப்படும் அளவுக்கு இருக்காது, பூசுவதே மில்லிகிராம் கணக்கில்தான்.) கரைசலைப் பழுப்பு நிறக் குப்பியில் இருட்டில் வைப்பதும் இதனால்தான். இன்னொரு எச்சரிக்கை, அந்த இரண்டு நாளும் தலையைத் தொட்ட கையால் கண்ணைத் தொடக் கூடாது. தலையணை உறை, துண்டு வழியாக வீட்டில் இருப்பவர்களுக்கும் மருந்து ஒட்டலாம்.

எந்த அளவு சரியான அளவு? பூசிய பிறகு ஒரு நாள், ஒன்றரை நாள் தலை லேசாகச் சிவந்து, அரித்து, பிறகு தணிய வேண்டும். எரிச்சலில் தூங்க முடியவில்லை, கொப்புளம் வந்து நீர் வடிகிறது என்றால் அளவு அதிகம். ஒன்றுமே தெரியவில்லை என்றால் குறைவு, அந்த வாரம் வீண். அரிப்பு இல்லாமல் பலன் கிடைக்காதா என்று எல்லோரும் கேட்பார்கள். கிடைக்காது. அரிப்பு இங்கே பக்கவிளைவு இல்லை, சிகிச்சையே அதுதான். அதனால் அரிப்பு தாங்காமல் வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு க்ரீமை எடுத்துத் தலையில் தடவினால், செய்த வேலையை நாமே அழித்துவிடுகிறோம். கொப்புளம் வந்து கைமீறிப்போனால் மட்டும் உடனே கழுவிவிட்டு, மருத்துவர் சொல்லி அந்த க்ரீமைப் போடலாம்.

இதில் என்னை மிகவும் ஈர்த்த விஷயம் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் தலையின் ஒரு பாதிக்கு மட்டுமே மருந்து பூசும் வழக்கம். நடுவகிடு எடுப்பதுபோல் ஒரு கோடு, அதற்கு வலப்பக்கம் மருந்து, இடப்பக்கம் சும்மா. புழுவெட்டு தானாகவே சரியாகக்கூடிய நோய் என்பதால் இப்படி. முழுத்தலையிலும் பூசி முடி வளர்ந்தால், வளர்த்தது மருந்தா காலமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பாதியில் மட்டும் முடி முளைத்து மறுபாதி மொட்டையாகவே இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. மருத்துவ நூல்களில் இப்படி அரைத்தலை முடியோடு இருக்கும் படங்களைப் பார்க்கலாம். நெற்றியிலிருந்து பிடரிவரை அளந்து பிரித்தாற்போல் இருக்கும். அவருடைய தலையே அவருக்கான ஆய்வுக்கூடம் ஆகிவிடுகிறது. பலன் உறுதியானதும் மறுபாதிக்கும் பூச ஆரம்பிப்பார்கள். சிலருக்கு வேடிக்கையாக, பூசாத பக்கத்திலும் புருவத்திலும்கூட முடி எட்டிப்பார்க்கும். உள்ளூரில் கிளப்பிய அலர்ஜி தூரத்திலும் வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம்.

முடி வருவது ஒரே நாளில் தெரியாது. பலன் கிடைப்பவர்களுக்கே முதல் அறிகுறி தெரிய சுமார் மூன்று மாதம் ஆகும். முதலில் வருவது பூனைமுடி, அதுவும் பெரும்பாலும் வெள்ளையாக. அதைப் பார்த்து நரைத்துவிட்டது என்று வருந்த வேண்டாம்; நிறம் பின்னால் வரும், தடிமனும் வரும். ஆறு மாதம் ஒழுங்காகப் பூசியும் அசைவே இல்லை என்றால் பலர் நிறுத்திவிடுகிறார்கள். சில மருத்துவர்கள் இன்னும் நீட்டிப் பார்ப்பதுண்டு, தாமதமாக முளைத்தவர்களும் இருக்கிறார்கள்.

யாருக்குப் பலிக்கும்? கனடாவின் வான்கூவரில் 148 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வை இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். 32 மாதக் கணக்கில், தலையில் 50 முதல் 74% வரை முடி இழந்தவர்களில் சுமார் 88% பேருக்கு நல்ல வளர்ச்சி. 75 முதல் 99% வரை இழந்தவர்களில் சுமார் 60%. முழுவதும் இழந்த டோட்டாலிஸ், யுனிவர்சாலிஸ் பிரிவில் சுமார் 17% மட்டுமே. அதாவது யாருக்கு இது மிகவும் தேவையோ அவர்களுக்குத்தான் மிகக் குறைவாகப் பலிக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. இந்த எண்களையும் சற்றுக் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்: மருந்தில்லாத ஒப்பீட்டுக் குழு வைத்துச் செய்த சோதனை இல்லை இது. சிறு வயதிலேயே நோய் தொடங்கியது, பல ஆண்டுகள் ஆகிவிட்டது, நகத்தில் குண்டூசியால் குத்தியதுபோல் குழிகள் இருப்பது, ஆஸ்துமா அல்லது எக்ஸிமா இருப்பது, இவையும் வாய்ப்பைக் குறைப்பவை என்று வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன.

பக்கவிளைவுகளில் மிகச் சாதாரணமானது பின்கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் நெறி கட்டுவது. நிணநீர்க் கணுக்கள் வேலை செய்வதால் வருவது, பயப்பட வேண்டியதில்லை. எக்ஸிமா முகத்துக்கோ கழுத்துக்கோ பரவலாம். உடம்பெங்கும் தடிப்புகள் வரலாம். நிறமாற்றம்தான் நம்மைப் போன்ற கருநிறத் தோல்காரர்கள் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. பூசிய இடம் கறுக்கலாம், வெளுக்கலாம், இரண்டும் கலந்து திட்டுத்திட்டாகவும் ஆகலாம். அரிதாக வெண்படை தொடங்கிவிடுவதும் உண்டு. தலையில் என்றால் முடி மறைத்துவிடும், நெற்றியிலும் கழுத்திலும் என்றால் மறைக்காது. கருவுற்றிருப்பவர்களுக்கும், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களுக்கும் இதைக் கொடுப்பதில்லை.

இவ்வளவு காலம் புழக்கத்தில் இருந்தும் மருந்துக் கடையில் டிபிசிபி என்று ஒரு டியூப் கிடைக்காது. அமெரிக்காவின் எஃப்டிஏ உள்பட முக்கிய ஒழுங்குமுறை அமைப்புகளிடம் இதற்கு மருந்தாக முறைப்படி ஒப்புதல் கிடையாது. யாரும் காப்புரிமை வைத்து லாபம் பார்க்க முடியாத பழைய ரசாயனத்துக்குப் பெரிய சோதனைகளை நடத்தப் பணம் போட எவருக்கும் அவசரம் இல்லை என்பதுதான் என் ஊகம். அதனால் பயிற்சி உள்ள மருத்துவமனைகளே கரைத்து வைத்துக்கொள்கின்றன. இணையத்தில் பொடியாக விற்பதைப் பார்த்து வாங்கி வீட்டில் கலக்கும் யோசனை வந்தால், அந்த 2000 மடங்கு வித்தியாசத்தை ஒருமுறை நினைத்துப்பாருங்கள். தசமப் புள்ளி ஓரிடம் தள்ளிவிழுந்தால் போதும், தலை முழுக்கக் கொப்புளம்தான்.

இப்போது போட்டிக்கு ஜேஏகே தடுப்பான் மாத்திரைகள் வந்துவிட்டன. கடுமையான புழுவெட்டுக்கு அமெரிக்காவில் 2022-இல் பாரிசிட்டினிப்பும் 2023-இல் ரிட்லெசிட்டினிப்பும் ஒப்புதல் பெற்றன. டி செல்களுக்குள் ஓடும் சேதித் தடத்தை இவை அடைக்கின்றன. பாரிசிட்டினிப்பின் பெரிய சோதனைகளில், கூடுதல் டோஸ் எடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு 36 வாரத்தில் தலையின் 80 சதவீதமாவது முடியால் மூடியது. இவை வந்த பிறகு டிபிசிபிக்கு இனி வேலையில்லை என்று பேசுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாத்திரை உடம்பு முழுவதும் போகிறது. தொற்று, ரத்தக்கட்டு போன்ற ஆபத்துகளுக்காக அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் கண்காணிப்பும் தேவை. அதை எடுக்க முடியாதவர்களும் எடுக்க விரும்பாதவர்களும் இருக்கவே செய்வார்கள். தோலோடு நின்றுவிடும் ஒரு வழி அவர்களுக்குத் திறந்திருப்பது நல்லது. ஆனால் தலைமுடி முழுவதும் போய்ப் பல ஆண்டுகள் ஆனவர் வந்து கேட்டால், முதலில் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் பேசச் சொல்வேன்.

டிபிசிபியோ மாத்திரையோ, இரண்டுமே நோயை வேரோடு பிடுங்குவதில்லை. டிபிசிபியில் முடி நன்றாக வளர்ந்த பிறகு வாரம் ஒன்று என்பதை இரண்டு வாரத்துக்கு ஒன்று, அப்புறம் மூன்று, நான்கு என்று மெல்லத் தள்ளிக்கொண்டே போவார்கள். அதே வான்கூவர் ஆய்வில், நல்ல பலன் கண்டவர்களிலேயே சுமார் 63% பேருக்குப் பிறகு மறுபடி கணிசமாகக் கொட்டியது. சிலருக்கு இன்னொரு சிக்கல்: பூசப்பூச உடம்பு பழகிப்போய், 2% வைத்தாலும் அரிப்பே வராது. அப்போது எஸ்ஏடிபிஇக்கு மாற்றிப்பார்ப்பார்கள். மற்றவர்களுக்கோ உடம்பு இந்தப் பொருளை ஆண்டுக்கணக்கில் மறப்பதில்லை. மறுபடி முடி கொட்டி மருத்துவமனைக்கு வந்தால், இரண்டாவது தடவை 2% அறிமுகம் பெரும்பாலும் தேவைப்படாது. நேராக நீர்த்த கரைசலிலேயே தொடங்கிவிடலாம். கொட்டத் தொடங்கியதும் தள்ளிப்போடாமல் போனால், மூட வேண்டிய இடமும் அந்தச் சின்ன வட்டம்தான்.